அப்பா போனதுல இருந்து விளக்கேத்த கை வரல. உங்க நம்பிக்கை உங்கள எப்படித் தாங்குச்சு?

குடந்தை மகள்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப வருஷமா படிச்சிட்டு மட்டும் போறவ, இப்பதான் முதல் தடவையா எழுதுறேன், கோர்வையா வரலன்னா பொறுத்துக்கோங்க.

அப்பா தவறி நாலு மாசம் ஆச்சு. 71 வயசு, நல்லா நடமாடிட்டு இருந்தவர், ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னாரு, விடியறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. அதைக் கூட தாங்கிட்டேன். பத்தாம் நாள் ராத்திரி அம்மாவ உக்கார வச்சு தலை நிறைய பூ வச்சு, ரெண்டு கை நிறைய கண்ணாடி வளையல் போட்டு, மஞ்சள் பூசி, அப்புறம் அது ஒவ்வொண்ணா எடுத்தாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. தாலிய கழட்டி பால் கிண்ணத்துல போட்டாங்க. அம்மா அழக்கூட இல்ல, என் கைய மட்டும் கெட்டியா புடிச்சிட்டு இருந்தாங்க. நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. இருபது பேர் சுத்தி நிக்கிறப்ப வாய் வரல.

அதுல இருந்து சாமி ரூம் பக்கமே போகல. 38 வருஷமா கும்பிட்ட சாமி. ஆனா அம்மா, அவங்களுக்குத்தான் இவ்வளவும் நடந்துச்சு, காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு அதே மாதிரி விளக்கேத்துறாங்க. அவங்களுக்கு மட்டும் எப்படி முடியுது? கடவுள் இருக்காரா இல்லையான்னு சண்டை போட நான் வரல. உங்க மதம் எதுவா இருந்தாலும் சரி, மதமே இல்லன்னாலும் சரி, இப்படி ஒரு நேரத்துல எது உங்கள நிக்க வச்சுதுன்னு சொல்லுங்க.

திருமுறை நேசன்:
தங்கச்சி, மனசு கனத்துப் போச்சு. நம்ம சைவத்துல சொல்றது எல்லாம் முன்வினைப் பயன்னுதான். உங்க அப்பாவுக்கு எழுதின நாள் அவ்வளவுதான். அவரு அவஸ்தைப்படாம போனது அவரு பண்ண புண்ணியம். அப்படி நினைச்சு மனசத் தேத்திக்கோங்க.

ஈரோட்டு கருப்புச்சட்டை:
மேல சொன்ன ஐயாவுக்கு ஒரு கேள்வி, கோவமா இல்ல, உண்மையா கேக்குறேன். அவங்க அப்பா சாவுக்கு வினைன்னு சொல்லிட்டீங்க சரி, அவங்க அம்மாவ நடு வீட்டுல உக்கார வச்சு வளையல் உடைச்சதுக்கும் அவங்க வினைதான் காரணமா? அது இருபது பேரு கூடி செஞ்ச வேலைங்க. இதை சாமி தலையில போட்டா செஞ்சவங்க தப்பிச்சிடுவாங்க.

எங்கம்மாவுக்கு கழட்ட தாலியே இல்ல. 1974ல சுயமரியாதைக் கல்யாணம், மாலை மாத்தினதோட சரி. அண்ணா முதல்வரா இருந்தப்ப 1967ல சட்டம் கொண்டு வந்ததால அது செல்லுபடியாகுற கல்யாணம். அப்பா 2019ல போனப்ப ஒருத்தரும் அம்மா நெத்தியவோ கழுத்தையோ தொடல. சடங்கு கிடையாது, பதினாறு கிடையாது. ஒரு ஞாயித்துக்கிழமை படத்திறப்பு வச்சோம், தோழர்கள் வந்து அவரப் பத்தி பேசினாங்க, எனக்கே தெரியாத கதையெல்லாம் அன்னைக்குத்தான் கேட்டேன்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். அம்மா இன்னைக்கும் காலைல ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காபி போட்டு அப்பா படத்துக்கு முன்னால வைப்பாங்க. ஆறிப் போனதும் அவங்களே எடுத்துக் குடிச்சிடுவாங்க. ஏம்மான்னு ஒரு தடவை கேட்டேன், 45 வருஷம் ரெண்டு டம்ளர் எடுத்த கை, ஒண்ணு மட்டும் எடுக்க வரலன்னாங்க. அப்புறம் நான் கேக்கல. உங்க அம்மா விளக்கும் எங்கம்மா காபியும் ஒண்ணுதானோன்னு உங்க பதிவ படிச்சப்ப தோணுச்சு.

கடற்கரைத்தெரு (நாகூர்):
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் சகோதரி.

எங்கள்ல மவுத் (சாவு) செய்தி கேட்டதும் இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்னு சொல்லுவோம். நாங்க இறைவனுக்கு உரியவங்க, அவன்கிட்டயே திரும்பிப் போறவங்கன்னு அர்த்தம். சின்ன வயசுல இருந்து வாய்ப்பாடு மாதிரி சொல்லிட்டு இருந்த எனக்கு வாப்பா போன அன்னைக்குத்தான் அதுல அர்த்தம்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது.

நபிகள் நாயகத்தோட வாழ்க்கையில ஒரு சம்பவம் சொல்றேன், எனக்கு அதுதான் பிடிமானம். அவங்க மகன் இப்ராஹிம், பால் குடிக்கிற குழந்தை, மடியில உயிர் போகுது. நபி அழறாங்க. நீங்களுமா அழறீங்கன்னு பக்கத்துல இருந்தவங்க கேட்டப்ப, கண்ணு கலங்குது, மனசு வேதனப்படுது, ஆனா இறைவனுக்குப் பிடிச்சத தவிர வேற எதையும் நாங்க சொல்ல மாட்டோம்னு சொன்னாங்க. அன்னைக்கே சூரிய கிரகணம் புடிச்சுது. நபியோட புள்ள இறந்ததாலதான் சூரியனே இருண்டு போச்சுன்னு ஜனங்க பேச ஆரம்பிச்சாங்க. நபி எந்திரிச்சு, யாரோட சாவுக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திரனுக்கு கிரகணம் புடிக்காதுன்னு சொல்லிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, மகன் மையத்து (உடல்) இன்னும் கண்ணுல நிக்குது, ஊரே வானம் உங்களுக்காக அழுதுன்னு சொல்லுது, ஆமான்னு சொல்லியிருந்தா யாரும் மறுத்திருக்க மாட்டாங்க. இல்லன்னு சொன்னாங்க. துக்கத்துக்கு பொய்யா ஒரு அர்த்தம் கட்ட விடல. ஏன் நடந்துச்சுன்னு ஒரு பதில் கிடைச்சே ஆகணும்னு நான் அலைஞ்சிட்டு இருந்தப்ப இந்த ஹதீஸ்தான் என்னை உக்கார வச்சுது.

கருப்புச்சட்டை அண்ணன் சொன்னதுக்கு எங்க வீட்டு சமாச்சாரமும் சொல்லிடறேன். எங்கள்ல இத்தா இருக்கு, கணவர் இறந்தா மனைவி துக்கம் காக்கற காலம், நாலு மாசம் பத்து நாள், குர்ஆன்லயே கணக்கு சொல்லியிருக்கு. அந்தக் கெடு முடிஞ்சா அந்தப் பொண்ணு மறுமணம் பண்ணிக்கலாம், கலர் புடவை உடுத்திக்கலாம், மார்க்கத்துல தடையே கிடையாது. ஆனா எங்க உம்மா அஞ்சு வருஷமா வெள்ளைத் துப்பட்டியிலதான் இருக்காங்க. ஊரு பேசும்னு பயம். மார்க்கம் கெடு வச்சு முடிச்சத ஊரு முடிக்க விடல.

ஈரோட்டு கருப்புச்சட்டை:
தம்பி நேர்மையா சொன்னதுக்கு நன்றி. ஆனா நல்லதெல்லாம் மதம், கெட்டதெல்லாம் ஊருன்னு பிரிச்சிட்டே போனா எப்படி? அந்த ஊருக்கு தைரியம் கொடுக்கறது எது? சாமி பேரச் சொல்லாம ஒரு பொம்பளையோட பூவ புடுங்க முடியுமா?

கடற்கரைத்தெரு (நாகூர்):
முடியாதுதான். அதனாலதான் அதே சாமி பேரச் சொல்லி யாராவது தடுக்கவும் வேணும்னு நினைக்கிறேன். எங்க உம்மாகிட்ட பெரியார் சொன்னாருன்னு சொன்னா கேக்க மாட்டாங்க. குர்ஆன்ல நாலு மாசம் பத்து நாள்தான் இருக்குன்னு பள்ளிவாசல் இமாம் வீடு தேடி வந்து சொன்னா ஒருவேளை கேப்பாங்க.

நெய்வேலி டவுன்ஷிப்:
இங்கதான் நான் வரணும்னு தோணுது. எனக்கு வடலூர் பக்கம், எங்க தாத்தா காலத்துல இருந்து சன்மார்க்கக் குடும்பம், அதாவது வள்ளலார் வழியில போறவங்க.

வள்ளலார் சொன்னத நிறைய பேர் வாடிய பயிரோட நிறுத்திடறாங்க. புருஷன் இறந்தா பெண்சாதியோட தாலிய கழட்ட வேண்டாம்னு 150 வருஷத்துக்கு முன்னாடியே சொல்லி வச்சவரு அவரு. செத்தவங்களுக்காக கருமாதி, திதி எதுவும் வேண்டாம், எரிக்காம புதைங்கன்னும் சொன்னாரு. சாமி இல்லன்னு சொன்னவர் இல்ல, அருட்பெருஞ்ஜோதின்னு உருகி உருகிப் பாடினவர், அவரு வாயிலதான் இது வந்துச்சு. எங்க பாட்டிக்கு தாத்தா போனப்ப தாலிய எடுக்கல. சொந்தக்காரங்க ஆறு மாசம் பேசல, அப்புறம் தானா வந்துட்டாங்க.

சரி, அவங்க கேட்ட கேள்விக்கு வரேன். 1867 மே 23ந் தேதி வள்ளலார் வடலூர்ல தருமசாலை, அதாவது பசிச்சவங்களுக்கு இலவசமா சோறு போடற இடம், ஆரம்பிச்சாரு. பார்வதிபுரம் ஊர்க்காரங்க 80 காணி நிலம் கொடுத்தாங்க. அன்னைக்குப் பத்த வச்ச அடுப்பு, இன்னைக்கு வரைக்கும் அணையல. பசிதான் ஒரு உயிருக்கு வர்றதுலயே பெரிய கொடுமை, அதை ஆத்துறதுதான் கடவுள் வழிபாடுன்னு சொன்னாரு. வாழ்க்கைக்கு அர்த்தம் என்னன்னு எங்கிட்ட கேட்டா எனக்கு பேசத் தெரியாது சகோதரி, ஆனா எங்க அண்ணன் பைக் ஆக்சிடெண்ட்ல இறந்த வருஷம் (தாத்தா அப்ப உயிரோட இருந்தாரு) நான் வேலைக்கும் போகாம பைத்தியம் மாதிரி இருந்தேன், எங்க தாத்தா ஒண்ணும் பேசாம கூட்டிட்டுப் போய் அங்க காய் நறுக்க உக்கார வச்சாரு. பூசணிக்கா. நறுக்கிக்கிட்டே அழுதேன், யாரும் ஏன்னு கேக்கல. மத்தியானம் பந்தியில சாம்பார் வாளி குடுத்தாங்க. ஒரு பெரியவர் இலையைப் பாத்துக்கிட்டே இன்னும் கொஞ்சம் ஊத்துப்பான்னாரு. அந்த ஒரு நிமிஷம் அண்ணன் ஞாபகம் வரல. பல மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையா.

ஈரோட்டு கருப்புச்சட்டை:
வள்ளலார் மேல எங்களுக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனா வடலூர்ல அவரு கட்டின ஞான சபைக்குள்ள புலால் சாப்பிடாதவங்க மட்டும்தான் வரணும்னு போர்டு இருக்கே, அது ஒதுக்குறது இல்லையா?

நெய்வேலி டவுன்ஷிப்:
ஆமா, கொலை புலை தவிர்த்தவங்க மட்டும்னு இருக்கு. எனக்கும் அதுல வருத்தம் உண்டு, எங்க தெரு பசங்க பாதிப் பேரு வெளியதான் நிப்பாங்க. ஆனா தருமசாலையில சோத்துக்கு அந்தக் கேள்வி கிடையாது, நீ என்ன சாப்பிடுறவன், என்ன சாதின்னு இலை போடறப்ப யாரும் கேக்க மாட்டாங்க. தைப்பூசத்துல சபையில ஜோதிக்கு முன்னால இருக்கற ஏழு திரை விலகுறத பாக்க லட்சக்கணக்குல வராங்க, நானும் போவேன், ஆனா என் மனசு என்னமோ அடுப்பு பக்கம்தான்.

வடமராட்சியான்:
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். பிள்ளை எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன்.

எங்கட ஊரில செத்தவீட்டில சுண்ணம் இடிக்கிறது எண்டு ஒண்டு இருக்கு. பிரேதத்தைக் கிடத்தி வைச்சு, முன்னால உரலை வைச்சு உறவுக்காரர் உலக்கை பிடிச்சு இடிக்க, ஒருத்தர் மாணிக்கவாசகற்ற திருப்பொற்சுண்ணத்தைப் பாடுவார். "பொற்சுண்ணம் இடித்துநாமே" எண்டு ஒவ்வொரு பாட்டும் முடியேக்க உலக்கை விழும். உண்மையில அது அழுகைப் பாட்டே இல்லை, சிவன் நீராடுறதுக்கு வாசனைப்பொடி இடிக்கிற பொம்பிளையளின்ர கொண்டாட்டப் பாட்டு. அதை ஏன் செத்தவீட்டில பாடுகினம் எண்டு சின்னனில எனக்கு விளங்கேல்லை. அம்மா செத்தபோது நானே உலக்கை பிடிச்சன். கை இடிக்குது, வாய் பாடுது, கண்ணால தண்ணி ஓடுது. அம்மாவை எங்கயோ ஒரு நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுத்தி அனுப்புற மாதிரி இருந்தது. அவ்வளவுதான் என்னால சொல்லேலும்.

ஆனா இன்னொரு கதையும் இருக்கு. என்ர மச்சாள். அவவின்ர மனுசன் 2009 மே மாசம் ஆமியிட்ட சரணடைஞ்சவர், இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. பிரேதம் இல்லை, அப்ப சுண்ணம் இல்லை, 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு இல்லை, கீரிமலையில சாம்பல் கரைக்கிறதும் இல்லை. ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிக்கிறதோ விடுறதோ எண்டே அவவுக்குத் தெரியாது. பிடிச்சால் மனுசன் செத்துப்போனார் எண்டு ஒத்துக்கொண்டதாப் போகும். பொட்டு வைச்சால் ஊர் ஒரு மாதிரிப் பாக்கும், வைக்காட்டி அவ தன்ர கையாலயே மனுசனைக் கொண்ட மாதிரி. வைச்சுக்கொண்டுதான் இருக்கிறா. 2017 பெப்ரவரியில இருந்து கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமார் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தவை எல்லோ, அதுக்கு இவவும் போவா. அந்த அம்மாமாரில கனபேர் பிள்ளையளைத் தேடித் தேடியே செத்துப்போச்சினம். கோயிலுக்குப் போனால் என்ன கேக்கிறனீங்கள் எண்டு ஒருக்காக் கேட்டன். ஒண்டும் கேக்கிறேல்லை, வந்து நிண்டிட்டுப் போறன் எண்டு சொன்னா.

இதை ஏன் எழுதுறன் எண்டால், நம்பிக்கை எண்டது எல்லாத்துக்கும் விடை கிடைச்ச ஆக்களிட்ட இருக்கிற சாமான் எண்டு நாங்கள் நினைக்கிறம். நான் கண்ட வரைக்கும் விடையே கிடைக்காத ஆக்களிட்டதான் அது கூட இருக்கு.

முத்துநகர் அந்தோனி:
மேல உள்ளத படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியல.

நான் தூத்துக்குடி, கத்தோலிக்கன். பைபிள்ல யோபுன்னு ஒரு மனுசன் கதை இருக்கு, பிள்ளைங்க, ஆடுமாடு எல்லாம் போயி உடம்பெல்லாம் புண்ணா சாம்பல்ல உக்காந்திருப்பான். சிநேகிதங்க மூணு பேரு பாக்க வருவாங்க. ஏழு நாள் ராப்பகலா ஒரு வார்த்தை பேசாம அவன்கூட தரையில உக்காந்திருப்பாங்க. அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வாய தொறந்து நீ ஏதாவது பாவம் பண்ணியிருப்ப, அதான் இப்படின்னு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சாங்க. கடைசியில கடவுளுக்கு கோபம் வந்தது கத்திக் கேள்வி கேட்ட யோபு மேல இல்ல, விளக்கம் சொன்ன இவங்க மேல. அதனால திருமுறை ஐயா தப்பா எடுத்துக்காதீங்க, வினைன்னு சொல்றத நானும் இழவு வீட்டுல சொல்லி வாங்கிக் கட்டியிருக்கேன், ஆண்டவர் சித்தம்னு. சொன்னது அக்கா புருஷன் கடல்ல போன வீட்டுல. அக்கா அன்னைக்கு என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கல.

இன்னொண்ணு சொல்லணும், சாமி ரூமுக்கு போக முடியலன்னு வருத்தப்படறீங்களே. அன்னை தெரசா எழுதின கடிதங்கள் அவங்க இறந்து பத்து வருஷம் கழிச்சு 2007ல வெளிவந்துச்சு. கிட்டத்தட்ட 50 வருஷம் கடவுள் பக்கத்துல இருக்கற உணர்வே இல்லாம, உள்ள ஒரே இருட்டா இருந்துச்சுன்னு குருக்களுக்கு எழுதியிருக்காங்க. அந்த 50 வருஷமும்தான் கல்கத்தா தெருவுல சாகக் கிடந்தவங்கள தூக்கிட்டு வந்து கழுவி படுக்க வச்சாங்க. அது தெரிஞ்சப்ப எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்குச்சு. மனசுல ஒண்ணுமே தோணாம செபமாலை உருட்டுற நாளும் கணக்குல சேரும்போல.

திருமுறை நேசன்:
எல்லாரும் சொன்னத படிச்சேன். தங்கச்சி, என்னை மன்னிச்சிடுங்க. வினைங்கிறது நான் என் வாழ்க்கையப் பாத்து எனக்கு சொல்லிக்க வேண்டியது, அடுத்தவங்க காயத்தப் பாத்து சொல்றதுக்கு எனக்கு உரிமை இல்ல. இத்தனை வருஷம் திருமுறை ஓதியும் இது இன்னைக்குத்தான் உறைக்குது.

பட்டினத்தார் எல்லாத்தையும் துறந்தவரு, காதற்ற ஊசியும் வாராதுன்னு கட்டின துணியோட கிளம்பிப் போனவரு. அவரே அம்மா செத்தப்ப சுடுகாட்டுல நின்னு, பத்து மாசம் சுமந்து பெத்தவளுக்கு எப்படி தீ வைப்பேன், வாயில எப்படி அரிசி போடுவேன்னு கதறியிருக்காரு. அவருக்கு தத்துவம் தெரியாதா? சைவம் அந்தப் பாட்ட ஒளிச்சு வைக்கல, இன்னைக்கும் இழவு வீட்டுல பாடறோம். நீங்க சாமிகிட்ட கோவமா இருக்கறது சைவத்துக்கு வெளிய இல்லம்மா. நம்பியாரூரர், அதான் சுந்தரர், கண்ணு போனப்ப வாழ்ந்து போதீரேன்னு திருவாரூர் தியாகேசன்கிட்டயே சண்டை போட்டவரு.

செஞ்சி நயினார்:
நான் தமிழ் சமணன். எங்கள்ல உலகத்த படைச்ச கடவுள்னு ஒருத்தர் கிடையாதுன்னு சொன்னா நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும். கோயில் இருக்கு, தீர்த்தங்கரர்னு ஞானம் அடைஞ்ச எங்க குருமார் இருக்காங்க, தினமும் கும்பிடறோம், ஆனா அவங்க வந்து எதையும் மாத்தித் தர மாட்டாங்க. கேக்கவும் கூடாது. எங்க ஊருக்குப் பக்கத்துல திருநாதர் குன்றுல ஒரு பெரிய பாறையில 24 தீர்த்தங்கரரையும் ரெண்டு வரிசையா செதுக்கி வச்சிருக்காங்க. அங்கயே சந்திரநந்தி ஆசிரியர்னு ஒருத்தர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து மறைஞ்சதைச் சொல்ற பழைய கல்வெட்டும் இருக்கு. ஏறிப் போயி உக்காந்தா காத்து சத்தம் மட்டும்தான் கேக்கும்.

எங்களுக்கு பன்னெண்டு சிந்தனை சொல்லித் தருவாங்க. முதல்ல நிலையாமை. ரெண்டாவது, சாவு வரப்ப காப்பாத்த யாரும் இல்லங்கிறது. ரெண்டாவத கேட்டா பயமா இருக்கும். ஆனா மனைவிக்கு கேன்சர்னு தெரிஞ்சப்ப எனக்கு அதுதான் உதவுச்சு, ஏன்னா எந்த சாமிக்கு எந்த வேண்டுதல் விட்டுப் போச்சு, எதுல நான் குறை வச்சேன்னு ஒரு நாளும் என்னை நானே குத்திக்கல. பக்கத்துல உக்காந்து இருக்க நேரம் கிடைச்சுது. எல்லாருக்கும் இது ஒத்து வரும்னு சொல்லல.

நைட் டூட்டி:
நர்ஸா 16 வருஷம் இருக்கேன், பெரும்பாலும் ஐசியு. ஒரே ஒரு விஷயம். கடைசி நேரத்துல யாரும் எங்கிட்ட வாழ்க்கையோட அர்த்தம் என்னன்னு கேட்டதில்ல. புள்ள சாப்பிட்டானான்னு கேப்பாங்க. இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்டியனோ அதேதான். உங்க அப்பா திடீர்னு போயிட்டதால உங்ககிட்ட அதைக் கேக்க முடியல. கேட்டதாவே வச்சுக்கிட்டு நேரா நேரத்துக்கு சாப்பிடுங்கக்கா.

குடந்தை மகள்:
மூணு நாளா ஒவ்வொண்ணா படிச்சிட்டு இருக்கேன். ஐயா நீங்க மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம், நல்ல மனசோடதான் சொன்னீங்கன்னு தெரியும். கனடா அண்ணா, உங்க மச்சாளுக்கு என் வணக்கத்த சொல்லுங்க, அவங்க பொட்ட நினைச்சுக்கிட்டே ரெண்டு நாள் தூங்கல.

நேத்து காலைல அஞ்சரைக்கு நானும் எந்திரிச்சு அம்மா பின்னாடி போயி நின்னேன். உள்ள போகல, நிலைப்படியிலதான். கேட்டுட்டேன், எப்படிம்மா உன்னால முடியுதுன்னு. திரி கிள்ளிக்கிட்டே சொன்னாங்க, கல்யாணம் ஆகி வந்த மறுநாள் உங்க அப்பா எழுப்பி விட்டு விளக்கேத்த சொன்னாரு, எனக்கு அது பிடிக்கவே இல்ல, தூக்கம் தூக்கமா வரும், அப்புறம் நீ வயித்துல இருந்தப்ப ஒரு நாள் ஏத்தறேன், அன்னைக்கு எனக்கே ஏத்தணும்னு இருந்துச்சு, அதுல இருந்து இது என்னோடதுன்னு. தாலிய அவங்க கட்டினாங்க அவங்க எடுத்துட்டாங்க, இது நானே ஏத்தினதுடின்னாங்க.

அப்புறம் வள்ளலார் தாலிய எடுக்க வேணாம்னு சொன்னாராம்மான்னு மெதுவா சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. இதை அன்னைக்கு யாராவது சொல்லியிருக்கலாமேன்னாங்க. நாலு மாசத்துல முதல் தடவையா அழுதாங்க. நானும்தான்.

இப்ப அப்பா பிறந்தநாள் அடுத்த மாசம் வருது. வடலூர் போகணும்ங்கறாங்க. அவங்களுக்கு 68 வயசு, முட்டி வலி. நெய்வேலி அண்ணா, கும்பகோணத்துல இருந்து எப்படி வரணும்? அரிசி வாங்கிட்டு வரலாமா இல்ல பணமா கட்டணுமா? அம்மா காய் நறுக்க உக்கார விடுவாங்களா?

நெய்வேலி டவுன்ஷிப்:
கும்பகோணத்துல சேத்தியாத்தோப்பு வழியா பண்ருட்டி, சென்னை போற பஸ்ல, வடலூர்ல நிக்குமான்னு கேட்டு ஏறுங்க. ஞான சபைக்கும் தருமசாலைக்கும் ஆட்டோ இருக்கு, அம்மாவ நடக்க விடாதீங்க. அரிசியாவும் கொடுக்கலாம், பணமாவும் கட்டலாம். காய் நறுக்க காலைலயே வந்துடுங்க. அங்க எல்லாரும் தரையிலதான் உக்காருவாங்க, அம்மாவுக்கு முட்டி வலின்னா சொல்லுங்க, வீட்டுல இருந்து ஒரு மர ஸ்டூல் எடுத்துட்டு வரேன், சின்னது, எங்க பாட்டியோடது.

கடற்கரைத்தெரு (நாகூர்):
அண்ணே, தேதி முடிவானதும் எனக்கும் சொல்லுங்க. உம்மாவ எங்கயும் வெளிய கூட்டிட்டுப் போயி அஞ்சு வருஷமாச்சு. கேட்டுப் பாக்குறேன்.

குடந்தை மகள்:
அரிசி ஒரு சிப்பம், 25 கிலோ, கடையில சொல்லி வச்சாச்சு. அப்பாவுக்கு பொன்னிதான் பிடிக்கும், அதையே எடுக்கச் சொல்லிட்டாங்க அம்மா. தேதி இங்கயே போடறேன். நாகூர் அண்ணா, உங்க உம்மாவ கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, அம்மா கேட்டதா சொல்லுங்க.